ரோபோ வருமுன் அதன் இரட்டை வரட்டும்

நவம்பர், வங்கிகளில் ஓய்வூதியர்களின் மாதம். உயிர்வாழ்ச் சான்று அளிக்க வருவோரின் வரிசை கிளையின் வாசலைத் தாண்டி நிற்கும். வர இயலாதவர்களைத் தேடி நாங்கள் செல்வோம். எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய இல்லத்திலேயே அடிப்படை வங்கிச் சேவை கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் அறிவுறுத்தியது. அதன்பின் இது தயவாகச் செய்யும் வேலை என்ற நிலை மாறிக் கடமை ஆயிற்று. சென்ற ஆண்டு நவம்பரில் அவ்வாறு சென்ற ஒரு வீட்டில் கண்ட காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வீடு மட்டாஞ்சேரியில் இருக்கிறது. எர்ணாகுளத்திலிருந்து காயலைக் கடந்து வந்தால் மிளகுக் கிடங்குகளும், யூதத் தெருவும், 1568ஆம் ஆண்டின் பரதேசி யூதக் கோயிலும் உள்ள பழைய துறைமுக ஊர் இது. குஜராத்தியும் கொங்கணியும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும். பல தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் பெரும்பாலும் ஒரே அமைப்புடையவை. தெருவை நோக்கிய முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் நீளும். ஒவ்வோர் அறையின் நிலைக்கும் அடியில் குறுக்கே ஒரு மரக்கட்டை. தாண்டித்தான் போக வேண்டும்.

அங்கே வசிக்கும் அம்மையாருக்கு எழுபத்தெட்டு வயது. குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்குப் பின் நடை தளர்ந்துவிட்டது. ஒரே மகன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். தாய்க்காக அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை வரவழைத்திருந்தார். சாதாரண நாற்காலி அன்று. லேசர் ஒளியால் அறையை அளந்து, வரைபடம் அமைத்துக்கொண்டு, போக வேண்டிய இடத்தைக் கைப்பேசியில் தொட்டால் தானே செல்லும் ரோபோ நாற்காலி. அதற்கான தனிநபர் கடனை வழங்கியது எங்கள் கிளைதான். நாங்கள் சென்றபோது அந்த நாற்காலி கூடத்தின் மூலையில் பழைய படுக்கை விரிப்பால் மூடப்பட்டிருந்தது. அதன்மேல் செய்தித்தாள்களும் மாத்திரைப் பெட்டியும்.

நாற்காலியின் அகலம் 66 செ.மீ.; படுக்கையறைக் கதவின் அகலம் 62 செ.மீ. கதவு போதுமானதாக இருந்திருந்தாலும் அடிக்கட்டையை அது ஏறியிருக்காது. அம்மையார் கோபப்படவில்லை. "பையனுக்கு மெஷினைக் காட்டியிருக்காங்க சார், மெஷினுக்கு என் வீட்டை யாரும் காட்டலியே" என்று மட்டும் சொன்னார். முகத்தை நாற்காலியின் பக்கம் திருப்பாமலேயே சொன்னார்.

பிழை விற்றவருடையது மட்டுமன்று. மகனின் ஊதியச் சான்று, ஓராண்டுக் கணக்கு விவரம், கடன் மதிப்பெண் ஆகிய யாவற்றையும் நாங்கள் சரிபார்த்தோம். திருப்பிச் செலுத்தும் திறனை ஒரு ரூபாயும் பிசகாமல் அளந்த எங்களுக்குக் கதவை அளக்கத் தோன்றவில்லை. மாதத் தவணை தவறாமல் வந்துகொண்டிருந்ததால் அக்கடன் எங்கள் ஏட்டில் நல்ல கடன். ஆனால் தவணை கட்டப்பட்டுவந்த பொருளோ படுக்கை விரிப்பின் அடியில் இருந்தது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. பொறியாளர்கள் அதனை டிஜிட்டல் இரட்டை என்கிறார்கள். அதனுடன் மெய்நிகர்க் காட்சியை இணைத்து, உதவி ரோபோக்களை வீட்டுக்குக் கொண்டுவருமுன் சோதித்துப் பார்க்கும் முயற்சிகள் உலகின் பல ஆய்வகங்களில் நடைபெறுகின்றன. எங்களுக்குப் பொறியியல் தெரியாது. வணிகவியல் படித்தவர்கள் நாங்கள். ஆயினும் இந்தக் கருத்து வங்கிக்காரர்களுக்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை. காரணத்தைச் சொல்கிறோம்.

1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலம் நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது ஆக்சிஜன் கலம் வெடித்தது. மூன்று வீரர்கள் உள்ளே இருந்தனர். விண்கலத்தைப் போய்த் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அதைப் போன்றே அமைந்த பயிற்சிக் கலங்கள் தரையில் இருந்தன. அங்கிருந்து வரும் தகவல்களுக்கேற்ப அவற்றை மாற்றியமைத்து, குறைந்த மின்சாரத்தில் கலத்தை மீண்டும் இயக்கும் முறையைத் தரையில் முதலில் செய்து பார்த்து, பிறகே மேலே அறிவித்தார்கள். மூவரும் உயிருடன் திரும்பினர். தொலைவில் உள்ள ஒன்றுக்கு அருகில் ஓர் இரட்டையை வைத்துக்கொண்டு, தவறுகளையெல்லாம் இரட்டையின்மேல் செய்து பார்ப்பது என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இதே எண்ணத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கோட்பாட்டை மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர் 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தார். 'டிஜிட்டல் இரட்டை' என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவின் ஜான் விக்கர்ஸ் வழியாக வழக்குக்கு வந்தது.

வெறும் வரைபடத்தை இரட்டை என்று சொல்லக் கூடாது. வரைபடம் ஒருமுறை வரைந்ததோடு நின்றுவிடும். இரட்டை, அசல் மாறும்போது தானும் மாற வேண்டும். அசலிலிருந்து நாள்தோறும் செய்தி பெற வேண்டும். வங்கிப் பேரேடு இதைத்தானே செய்கிறது? பெட்டகத்தில் உள்ள பணத்தின் இரட்டை, பேரேட்டில் உள்ள எண். பெட்டகத்தைத் திறக்காமலேயே முடிவுகள் எடுக்க அந்த எண் உதவுகிறது. மட்டாஞ்சேரி வணிகர்களுக்கும் இது புதிதன்று. 1957இல் தோன்றிய மிளகு வணிகச் சங்கம் யூதத் தெருவில்தான் இயங்கியது. கண்ணில் காணாத மிளகை இங்கே ஏட்டிலேயே வாங்கி விற்றார்கள். ஆனால் மூட்டை கைமாறும் நாளில் ஏடு எவ்வளவு சொன்னாலும் மிளகைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வருவோம். லேசர் அளவீட்டு வசதியுள்ள கைப்பேசியால் அறைகளைச் சுற்றிப் படம்பிடித்தால் சுவர், கதவு, கட்டில், அடிக்கட்டை ஆகியவற்றின் முப்பரிமாண உருவம் கணினியில் கிடைத்துவிடுகிறது. அதனுள் ரோபோவின் உருவத்தை வைக்கிறார்கள்: அதன் எடை, சக்கரத்தின் விட்டம், திரும்பத் தேவையான இடம், கை நீளும் தூரம், மின்கலத்தின் கொள்ளளவு. இனி அந்தக் கணினி வீட்டுக்குள் ரோபோவை ஆயிரம் முறை ஓடவிடலாம். கட்டிலில் மோதலாம், படியில் கவிழலாம், வழியில் மின்சாரம் தீர்ந்து நிற்கலாம். ஒரு தம்ளர்கூட உடையாது.

இதில் மெய்நிகர்க் காட்சிக்கு என்ன வேலை? கணினித் திரையில் ஓடும் உருவத்தைப் பார்த்துப் பொறியாளர் புரிந்துகொள்வார். பயன்படுத்தப் போகிறவருக்கு அது பொம்மைப் படம். கண்ணில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடி அவரை அந்தப் பொம்மை வீட்டுக்குள் அமர்த்திவிடுகிறது. 1968இல் ஐவன் சதர்லேண்டு உருவாக்கிய முதல் தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவு கனமானது. இன்று அது பள்ளிப் பையில் அடங்கும். தலையைத் திருப்பினால் அறை திரும்பும். அமர்ந்தவரின் கண்ணுயரத்திலிருந்து கதவு எவ்வளவு குறுகலாகத் தெரிகிறது என்பது புலப்படும். குழாயை எட்ட முடியவில்லை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது இடது பக்கம் இடமில்லை என்பவையெல்லாம் கடனில் கையெழுத்திடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கேரளத்துக்கு இது ஏன் அவசரமான செய்தி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. நாட்டிலேயே அதுதான் மிகுதி. அதன்பின் அந்த எண்ணிக்கை ஏறியிருக்குமே தவிர இறங்கியிராது. பிள்ளைகள் கடல் கடந்து சென்று பணம் அனுப்புகிறார்கள். அந்தப் பணம் எங்கள் கிளைகளின் வைப்பு நிதியாக வளர்கிறது. பெற்றோர் பெரிய வீடுகளில் ஹோம் நர்ஸுடனோ தனியாகவோ வாழ்கிறார்கள். ஊரின் சாலைகளும் துறைகளும் அவர்களுக்காக மெல்ல மாறிவருகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவில் மிதக்கும் மேடைகள் நீர்மட்டத்தோடு ஏறி இறங்குவதால் சக்கர நாற்காலி தடையின்றிப் படகில் ஏறிவிடும். காயலைக் கடக்கலாம், படுக்கையறை வாசலைக் கடக்கத்தான் வழியில்லை!

கொச்சிக்கு ரோபோக்களும் புதியவை அல்ல. 2020 ஏப்ரலில், கோவிட் நோய்ப் பரவலின் தொடக்க நாள்களில், களமசேரியில் உள்ள எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் 'கர்மி-பாட்' என்ற ரோபோ பணியில் இறங்கியது. கொச்சியைச் சேர்ந்த அசிமோவ் ரோபோட்டிக்ஸ் உருவாக்கியது. நடிகர் மோகன்லாலின் விஸ்வசாந்தி அறக்கட்டளை வழங்கியது. 25 கிலோ வரை சுமந்து, தொற்றுப் பிரிவில் உணவும் மருந்தும் கொண்டுசென்றது. மருத்துவரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேச உதவியது. திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், கழிவுநீர்க் குழிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்கும் 'பாண்டிகூட்' ரோபோவுக்குப் பிறகு, பக்கவாதத்தால் நடை இழந்தோருக்கு மீண்டும் நடை பயிற்றுவிக்கும் 'ஜி-கெய்ட்டர்' கருவியை உருவாக்கியது. திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் அது இருக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்தில் தானே ஓடும் சக்கர நாற்காலியை உருவாக்கி அதற்கு 'செல்ஃப்-ஈ' என்று பெயரிட்டார்கள். தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து உருவாக்கிய 'புளூட்டோ', செயலிழந்த கையை அசைத்துக் கணினி விளையாட்டு ஆடவைத்தே அக்கைக்குப் பயிற்சி அளிக்கிறது.

இவை பெருமைக்குரியவை. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றின் களம் மருத்துவமனை. அங்கே தரை சமம், வழி அகலம், வெளிச்சம் சீர், பழுதானால் கூப்பிட ஆள் உண்டு. மருத்துவமனையில் வென்ற கருவி மட்டாஞ்சேரி வீட்டில் தோற்பது அதன் குற்றமன்று. பார்க்கப் போனால் உலகெங்கும் ரோபோக்களுக்குக் கடினமான இடம் வீடுதான். தொழிற்சாலை ரோபோவுக்காகத் தொழிற்சாலையை அமைக்கலாம். பாட்டி வாழ்ந்த வீட்டை ரோபோவுக்காக இடித்துக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது.

இத்துறையில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தவர் அமெரிக்காவின் ஹென்றி எவன்ஸ். 2002இல் மூளைத்தண்டில் ஏற்பட்ட பாதிப்பால் அவர் பேச்சையும் கைகால் அசைவையும் இழந்தார். 2011இல், தலையின் சிறு அசைவால் கணினியை இயக்கி, 'பிஆர்2' என்ற ரோபோவின் கையால் தம் கன்னத்தைத் தாமே சவரம் செய்துகொண்டார். ஏறத்தாழ பத்தாண்டுக்குப் பின் தம் முகத்தைத் தாமே சொறிந்துகொண்டதும் அப்போதுதான். 'பிஆர்2' விலை அக்காலத்தில் 4 லட்சம் டாலர். எடை 200 கிலோவுக்கும் மேல். 2023இல் அவர் தம் வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த 'ஸ்ட்ரெச்' என்ற ரோபோவின் எடை 23 கிலோ. விலை சுமார் 20,000 டாலர். நம் நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகைதான். ஆயினும் பத்தாண்டுகளில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்த விலை அடுத்த பத்தாண்டில் எங்கே நிற்கும் என்பதைக் கடன் பிரிவில் உள்ளவர்கள் இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது. கைப்பேசிக்குக் கடன் கொடுப்போம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம்.

விலையைவிட முக்கியமானது அந்தக் கதையில் வேறொன்று. ரோபோவை இயக்கியவர் எவன்ஸ். சவரம் செய்யப்பட்டவரும் அவரே. டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் 2021இல் திறக்கப்பட்ட 'டான்' என்ற சிற்றுண்டிச் சாலையிலும் இதே நிலைதான்: அங்கே பரிமாறும் ரோபோக்களை, வீட்டைவிட்டு வெளியே வர இயலாத மாற்றுத்திறனாளிகள் தம் வீடுகளிலிருந்தே இயக்கி ஊதியம் பெறுகிறார்கள். உதவி பெறுபவர் கையில் கட்டுப்பாடு இருக்கும்போது ரோபோ அவருக்குக் கை ஆகிறது. கட்டுப்பாடு வேறொருவரிடம் போனால் அது காவலாளி ஆகிவிடும்.

இந்த அச்சம் கற்பனையன்று. இரட்டையும் மெய்நிகர்க் காட்சியும் சேரும்போது தொலைவிலிருந்து இயக்குவது எளிதாகிறது. 2022இல் அமெரிக்காவில் நடந்த அவதார் எக்ஸ்பிரைஸ் போட்டியில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு முதற்பரிசான 50 லட்சம் டாலரை வென்றது, இத்தகைய தலைக்கருவி அணிந்தவர் தொலைவில் உள்ள ரோபோவின் கண்ணால் பார்த்து, அதன் கையால் தொட்டு வேலை செய்யும் அமைப்புக்காகத்தான். டொயோட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் வீட்டு வேலைகளை மெய்நிகர்க் கண்ணாடி அணிந்த ஒருவர் செய்துகாட்ட, ரோபோ கற்றுக்கொண்டது. இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வளைகுடாவில் பணி முடித்து அறைக்குத் திரும்பும் மகன் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்; மட்டாஞ்சேரி வீட்டுக்குள் நிற்கிறார்; கீழே விழுந்த தாயின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறார். மனம் நெகிழ்கிறது அல்லவா? அதே மகன் தாய் உறங்கும் அறைக்குள்ளும் எந்நேரமும் நிற்க முடியும். வீட்டின் இரட்டையைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியரும் நிற்க முடியும். நகைப்பெட்டி எங்கே, மருந்து எது, வீட்டில் எத்தனை பேர், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதெல்லாம் அந்த இரட்டையில் இருக்கும். பாஸ்புக்கில்கூட இவ்வளவு விவரம் கிடையாது.

இங்கே வங்கித்துறை கற்றுக்கொண்ட ஒரு பாடம் பயன்படும். வாடிக்கையாளரின் நிதித் தகவலை ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' என்னும் முறை 2021 முதல் இயங்குகிறது. இடையில் நிற்பவர் தகவலைக் கொண்டுசேர்க்கலாம், படிக்க முடியாது. யாருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேட்டு வாடிக்கையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். அவர் விரும்பும்போது அதைத் திரும்பப் பெறலாம். வீட்டின் இரட்டைக்கும் இதே ஒழுங்கு வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாக வைத்திருக்கிறது. நடைமுறையில் ஒப்புதல் யாரிடம் கேட்கப்படும் என்பதே எங்கள் கவலை. கட்டணம் செலுத்துபவர் மகன்; கையெழுத்தும் அவரிடமே வாங்கப்படும். வீட்டில் வாழ்பவர் தாய். கூட்டுக் கணக்கில் இருவர் கையெழுத்து தேவை எனில் ஒருவர் கையெழுத்தை நாம் ஏற்பதில்லையே.

அந்த அம்மையாரின் கதை படுக்கை விரிப்போடு முடிந்துவிடவில்லை. நாங்கள் மகனுக்குத் தெரிவித்தோம். அவர் உள்ளூர்த் தொழில்நுட்பர் ஒருவரை அனுப்பினார். கதவை அகலப்படுத்தத் தச்சரும் வந்தார். கணவர் காலத்துத் தேக்கு நிலையை வெட்ட அம்மையார் இசையவில்லை. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றச் சொன்னார். நாற்காலி கட்டிலிலிருந்து முகப்புக்கும், முகப்பிலிருந்து குளியலறைப் பக்கத்துக்கும் செல்லும்படி வரைபடம் புதிதாக அமைக்கப்பட்டது. பூஜை அறையை வரைபடத்தில் சேர்க்கக் கூடாது என்று அவர் சொல்ல, தொழில்நுட்பர் சேர்த்ததை அழித்தார். இரண்டு ஆண்டுகளாக உறங்கிய நாற்காலி ஓடத் தொடங்கியது. மாலையில் முகப்பில் அமர்ந்து தெருவைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம்.

இவ்வாண்டு நவராத்திரி வந்தது. கூடத்தில் ஏழு படி வைத்துக் கொலு வைத்தார்கள். நாற்காலியின் நினைவில் இருந்த கூடத்தில் கொலுப்படி இல்லை. பாதி வழியில் நின்று ஒலி எழுப்பியது. தடை இருப்பதை உணர்ந்தது, சுற்றிப்போகத் தெரியவில்லை. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்களாம். தொழில்நுட்பரைக் கூப்பிடட்டுமா என்று மகன் தொலைபேசியில் கேட்டதற்கு, "கொலு முடியட்டும், அப்புறமா உன் மெஷினுக்குப் பாடம் எடு" என்று அம்மையார் சொல்லிவிட்டார்.

வணிகவியல் மாணவர் அனைவரும் அறிந்த ஒன்று வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஒரே நாளில் வேறுபடும், இரண்டும் பொய்யில்லை. செலுத்திய காசோலை வசூலாகியிராது, வங்கிக் கட்டணம் ஏட்டில் ஏறியிராது. வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டும்வரை எந்த எண்ணையும் நம்பிச் செலவிடக் கூடாது. வீட்டின் இரட்டைக்கும் அசலுக்கும் இடையே இந்த வேறுபாடு நாள்தோறும் தோன்றும். கொலு ஒரு காரணம். மழைக்காலத்தில் ஈரமான தரை, வேலியேற்றத்தின்போது மட்டாஞ்சேரியின் தாழ்வான தெருக்களில் ஏறும் நீர், சக்கரத்தில் சிக்கும் பாயின் விளிம்பு ஆகியவை வேறு காரணங்கள். கணினிக்குள் ஆயிரம் முறை வென்ற ரோபோ அசல் தரையில் முதல் நாளே வழுக்குவதை ஆய்வாளர்கள் நன்கு அறிவார்கள். உராய்வும் வெளிச்சமும் துணியின் மடிப்பும் கணினியில் சரியாக அமைவதில்லை. ஆகவே இரட்டையை ஒருமுறை செய்து கொடுத்துவிட்டுப் போகிற விற்பனையாளரை நம்ப வேண்டாம். யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிக்கட்டுவார், அதற்குக் கட்டணம் என்ன என்று கேளுங்கள்.

வேறு ஆட்சேபங்களும் உண்டு. கண்ணாடியை மாட்டினால் முதியோருக்குத் தலைசுற்றும் என்பார்கள், உண்மைதான். கண் நகர்வதாகச் சொல்ல, உள்காது நகரவில்லை என்று சொல்வதால் வரும் குமட்டல் அது. முதியவருக்கு வேண்டாமெனில் பராமரிப்பவர் மாட்டிக்கொள்ளட்டும், முதியவர் பெரிய திரையில் பார்க்கட்டும். ஹோம் நர்ஸ்களின் வேலை போய்விடும் என்ற அச்சம் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கைக்குப் பின் உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டும்போது அவர்கள் பேசும் நாலு வார்த்தையை எந்த இயந்திரமும் பேசாது. ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் உள்ள நீண்ட பகலும் இரவும்தான் ரோபோவின் இடம். தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கவும், விழுந்த பொருளை எடுக்கவும், கழிப்பறைவரை போகவும் பிறரை அழைக்க வேண்டியிராத நிலையை முதியவர்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதை வீடு தேடிச் செல்லும் நாங்கள் அறிவோம்.

வங்கிகள் என்ன செய்யலாம்? இது எங்கள் சொந்தக் கருத்து. வங்கியின் அறிவிப்பாகக் கொள்ள வேண்டாம். வீட்டுக்கடனை நாம் ஒரே தவணையில் விடுவிப்பதில்லை. அடித்தளம், சுவர், கூரை என்று கட்டடம் எழும்ப எழும்ப, தள ஆய்வு செய்து விடுவிக்கிறோம். உதவிக் கருவிகளுக்கான கடனிலும் ஒரு பங்கை நிறுத்திவைத்து, கருவி அந்த வீட்டில், அந்த மனிதருக்குப் பயன்படுகிறது என்று தெரிந்த பிறகு விற்பனையாளருக்கு விடுவித்தால் என்ன? விலைப்புள்ளியோடு வீட்டின் இரட்டையில் ஓட்டிக்காட்டிய சோதனையையும் கேட்டால், அளக்காமல் விற்கும் பழக்கம் தானே குறையும். சோதனையைப் பார்க்க வேண்டியவர் பயன்படுத்தப் போகிறவர் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகளில் ஒரு கண்ணாடியும் ஒரு கணினியும் இருந்தால் பல குடும்பங்கள் பகிர்ந்து பயன்படுத்தலாம். வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்லை.

அதுவரை? இரட்டை எப்போதும் கணினியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடமும், கதவில் 90 செ.மீ. திறப்பும் வேண்டும் என்கின்றன. 75 செ.மீ. நூலின் ஒரு முனையைக் கூடத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சுற்றிக் கோலமாவால் ஒரு வட்டம் போடுங்கள். கட்டில் கால் வட்டத்துக்குள் வந்தால் கட்டிலை நகர்த்துங்கள் அல்லது வேறு கருவி பாருங்கள். கருவியின் அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி ஒவ்வொரு கதவு வழியாகவும் கொண்டுபோய்ப் பாருங்கள். வீட்டில் உள்ள முதியவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். எந்த அறைக்குள் அது வரலாம், எதற்குள் வரக்கூடாது என்பதை அவரே சொல்லட்டும்.

எங்கள் கிளையில் கடன் விண்ணப்பப் படிவங்கள் உள்ள இழுப்பறையில் இப்போது ஐந்து மீட்டர் அளவுநாடா ஒன்றும் இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தருகிறோம். வட்டி இல்லை, திருப்பித் தந்தால் போதும்.